கையெழுத்திட்டுக் காத்த கால் நூற்றாண்டு: லினக்ஸ் கேம்பேட் டிரைவர்களின் வரலாறு

விழா மலர் என்றால் கட்டடம் எழுந்த கதையும், தலைவர்கள் செயலாளர்களின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். நம் கணினி மன்றத்தின் இந்த மலரில், கட்டடமும் பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு நிறுவனத்தின் வரலாற்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நம் ஆய்வகக் கணினியில் யுஎஸ்பி கேம்பேடைச் செருகிய மறுநொடியே அது வேலை செய்கிறது. அதற்கு உழைப்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ‘இன்புட்’, ‘ஹெச்ஐடி’ என்னும் இரு பிரிவுகள். கெர்னலுக்கும் கருவிக்கும் நடுவே நின்று பேசும் நிரல்தான் டிரைவர். அதை ஒருவர் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். எழுதியதைப் பத்து, இருபது ஆண்டுகள் வேலை செய்ய வைப்பதுதான் பெரும்பணி. அந்தப் பணியைச் செய்தவர்களுக்கு நம் மலரில் சில பக்கங்கள் உரியவை.

மதுரைச் சமவெளியில் பிறந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களை வெட்டியது ஒரு காலம். அவற்றைக் காத்தது ஊர் கூடிச் செய்த குடிமராமத்து. கரைக்கு மண் போட ஒருவர், மடையைப் பார்க்க ஒருவர், வரத்துக்கால் தூர்வார ஒரு கூட்டம் என்று பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன. ஓராண்டு விட்டால் மறு ஆண்டு கரை உடையும். கெர்னலிலும் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் யார் என்று பெயரோடு எழுதி வைத்த கோப்பு உண்டு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் தவறாமல் நடக்கும் மராமத்தும் உண்டு.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று பெரியவர்கள் கேட்கலாம். நம் பொறியியல் மாணவர்கள் ரோபோவை ஓட்டிப் பழகுவது கேம்பேடை வைத்துத்தான். ரோபோ மென்பொருளான ‘ராஸ்’, கேம்பேடிலிருந்து கட்டளை வாங்கவென்றே ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘கொலராடோ’ நீர்மூழ்கிக் கப்பலில், வெளியே பார்க்கும் கேமரா கம்பத்தைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் கேம்பேடையே வைத்தார்கள். இளைஞர்களின் கைக்கு ஏற்கெனவே பழகிய கருவி என்பதே காரணம்.

பதினைந்து ஊசிக் காலம்

1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது, ஜாய்ஸ்டிக்குக்கு எனத் தனி அட்டை ஒன்றும் விற்கப்பட்டது. பின்னாளில் சவுண்டு கார்டுகளின் பின்புறம் நாம் பார்த்த 15 ஊசித் துளை அதன் வாரிசு. உள்ளே நடந்தது மிக எளிய வேலை. குச்சியை அசைத்தால் ஒரு மின்தடையின் அளவு மாறும். அதற்கேற்ப ஒரு மின்தேக்கி நிரம்பும் நேரம் கூடும், குறையும். கணினியின் செயலி அந்த நேரத்தைத் தானே எண்ணிக் குச்சி எங்கே நிற்கிறது என்று கணித்தது. எண்ணும் வேளையில் வேறு வேலை பார்க்க முடியாது. ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கின் மின்தடையும் ஒவ்வொரு விதம் என்பதால், குச்சியை நான்கு மூலைக்கும் தள்ளி அளவு சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு அச்சு, நான்கு பொத்தான் என்பதே அந்தத் துளையின் எல்லை. அதற்குமேல் வேண்டும் என்ற நிறுவனங்கள் ஆளுக்கொரு குறுக்குவழி கண்டுபிடித்தன. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் தேவைப்பட்டது.

யுஎஸ்பி கொண்டுவந்த ஒழுங்கு

1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் தரம் வெளியானது. அதில் மனிதர் கையாளும் கருவிகளுக்காக வகுத்த பிரிவே ஹெச்ஐடி. கீபோர்டு, மவுஸ், கேம்பேடு எல்லாம் அதில் அடக்கம். செருகியவுடன் கருவி தன் வகை எண்ணைச் சொல்லும். ஹெச்ஐடிக்கு உரிய எண் 3. அடுத்து ஒரு விவரக் குறிப்பைக் கொடுக்கும்: எனக்குப் பன்னிரண்டு பொத்தான்கள், நான்கு அச்சுகள், ஒவ்வோர் அச்சும் 0 முதல் 255 வரை போகும், எந்த பிட்டில் எது வரும் என்று. டிரைவர் அதைப் படித்தால் போதும். கருவியைத் தயாரித்தவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

லினக்ஸில் இந்த ஒழுங்கைக் கட்டியவர் செக் நாட்டவரான வொய்ட்டெக் பாவ்லிக். பதினைந்து ஊசிக் காலத்திலேயே ஜாய்ஸ்டிக் டிரைவர்களை எழுதியவர் அவர். 1999 முதல், சுசே நிறுவனத்தின் ஆதரவோடு, எல்லா உள்ளீட்டுக் கருவிகளுக்கும் பொதுவான இன்புட் பிரிவை எழுதினார். 2001 ஜனவரி 4 அன்று வெளியான கெர்னல் 2.4-இல் அது உலகுக்குக் கிடைத்தது. எந்த நிறுவனத்தின் பொத்தானை அழுத்தினாலும், பயன்பாட்டு நிரலுக்கு ஒரே வடிவத்தில் செய்தி போகும் என்பதே அவருடைய அடிப்படை. இன்றும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறோம்.

இந்தப் பணிக்குத் தோள் கொடுத்த அதே சுசேயின் லினக்ஸுக்குத்தான் நம் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-இல் மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அலங்காநல்லூரிலும் சோழவந்தானிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் வந்த மடிக்கணினிக்குள் பாவ்லிக் போட்ட அடித்தளமும் இருந்தது. லினக்ஸைத் திறந்து பார்த்த பிள்ளைக்கு அது உழைக்கக் காத்திருந்தது.

சொன்னபடி நடக்காத கருவிகள்

தரம் எழுதிவிட்டால் எல்லாரும் அதன்படி நடப்பார்கள் என்றில்லை. டிரைவர் பராமரிப்பின் வேலையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத கேம்பேடைச் செருகி, கணினியில் அதன் அடையாள எண்ணைப் பாருங்கள். பலமுறை 0079:0006 என்று வரும். அது டிராகன்ரைஸ் நிறுவனத்தின் சில்லு. அதிர்வு மோட்டாரை இயக்கும் முறையைத் தரத்தில் சொன்னபடி அது வைத்துக்கொள்ளவில்லை. 2009-இல் ரிச்சர்ட் வாம்ஸ்லி அதற்கெனச் சிறு டிரைவர் எழுதினார். அதே குடும்பத்து இன்னொரு மாதிரி, தன்னைப் பற்றிய விவரக் குறிப்பிலேயே பிழை வைத்திருந்தது. டிரைவர் அந்தக் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, சரியான குறிப்பைத் தன் கையிலிருந்து எடுத்துக் கெர்னலுக்குக் கொடுக்கிறது.

ஒரே வயரில் இரண்டு கேம்பேடு வரும் பாந்தர்லார்டு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னலில் அதற்கென ஒரு தனிக்குறிப்பு இல்லாவிட்டால், அண்ணன் தம்பி இருவர் கையில் இருப்பதும் ஒரே கேம்பேடாகக் கணினிக்குத் தெரியும். சோனி கேம்பேடைப் பார்த்துச் செய்த ‘ஷான்வான்’ நகல் ஒன்று, யுஎஸ்பியில் செருகியவுடனேயே மோட்டார் அதிரத் தொடங்கியது. அதை அடக்கவும் சில வரிகள் சேர்ந்தன.

எக்ஸ்பாக்ஸின் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் ஹெச்ஐடி வழியில் போகாமல், தனக்கென்று ஒரு மொழி வகுத்துக்கொண்டது. 2002-இல் மார்கோ ஃப்ரீடெமான் தொடங்கிய ‘எக்ஸ்பேட்’ டிரைவர் அந்த மொழியைப் பேசுகிறது. கருவிகள் தம் வகையைப் பொதுவாக அறிவிக்காததால், அவற்றின் அடையாள எண்கள் பட்டியலில் ஏற வேண்டும். பலரும் சிறிது சிறிதாகச் சேர்த்து அந்தப் பட்டியல் இன்று நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீண்டிருக்கிறது. கெர்னலுக்குள் ஒரு வரி சேர்த்து முதன்முதலாக நுழைந்த பலருக்கு இதுதான் வாசல்.

காத்தவர்கள்

பாவ்லிக்குக்குப் பின் இன்புட் பிரிவின் பொறுப்பு திமித்ரி தொரோகோவிடம் வந்தது. இருபது ஆண்டுகளை ஒட்டி அவர் அதைச் சுமக்கிறார். ஹெச்ஐடி பிரிவை வளர்த்தவர்களில் முதன்மையானவர் யிரி கொசினா. ப்ளூடூத் கருவிகளும் அதே ஹெச்ஐடி மொழியைப் பேசியதால், 2006-இன் இறுதியில் அந்தப் பகுதியை யுஎஸ்பியிலிருந்து பிரித்துப் பொதுவாக்கினார். 2008-இல், விதிவிலக்கான கருவிகளுக்குத் தனித்தனிச் சிறு டிரைவர் வைத்துக்கொள்ளும் அமைப்பு வந்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் பிழையைச் சரிசெய்யும்போது மற்றவர் கருவிக்குச் சேதம் வருவது குறைந்தது. பின்னர் பெஞ்சமின் திஸ்வார் கொசினாவோடு பொறுப்பைப் பகிர்ந்தார்.

இவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளில் தலையாயது ஒன்று: நேற்று வேலை செய்த மென்பொருள் இன்றைய கெர்னலால் நின்றுபோகக் கூடாது. இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு எக்ஸ்பேடே சாட்சி. 2013-இல் டேவிட் ஹெர்மான், கேம்பேடு பொத்தான்களுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசைப் பெயர் கொடுத்து ஒரு பொது விதி எழுதினார். நிறுவனம் எந்த எழுத்தை அச்சிட்டிருந்தாலும், விரல் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. ஆனால் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் இடப்பக்கம் இருக்கும் ‘எக்ஸ்’ பொத்தான், பழைய எக்ஸ்பேடின் வழக்கப்படி வடக்குக்குரிய குறியீட்டையே அனுப்பியது. திருத்தினால், அந்த வழக்கத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் எல்லாம் குழம்பும். ஆகவே அது அப்படியே இருக்கிறது. பயன்படுத்துபவர்மேல் வைத்த மரியாதை இது. இந்த அடக்கத்தை நம் மாணவர்கள் கற்க வேண்டும்.

பொறுப்பாளரிடம் உலகிலுள்ள எல்லாக் கேம்பேடும் இருக்காது. அதற்கும் வழி கண்டார்கள். 2012-இல் ஹெர்மான் எழுதிய ஒரு வசதியால், கருவி கையில் இல்லாமலே அது பேசும் முறையை மென்பொருளால் நடித்துக் காட்டலாம். ஒருவர் தம் கேம்பேடின் பேச்சைப் பதிவெடுத்து அனுப்பினால், வேறொரு நாட்டில் இருப்பவர் அதை ஓட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கிறார். அத்தகைய சோதனைகள் 2023-இல் கெர்னலோடே சேர்க்கப்பட்டன. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது; ஒவ்வொரு முறையும் பழைய கருவிகளுக்காக இந்தச் சோதனைகள் சாட்சி சொல்கின்றன.

பெரிய நிறுவனங்கள் வந்து சேர்ந்தது

நீண்ட காலம் கேம்பேடு நிறுவனங்கள் லினக்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்வலர்கள் கருவியின் பேச்சை ஒட்டுக்கேட்டு, ஊகித்து எழுதினார்கள். ‘ஸ்டீம்’ கேம்பேடின் டிரைவரை ரோட்ரிகோ ரிவாஸ் கோஸ்தா தாமாக எழுதினார்; 2018-இல் அது சேர்ந்தது. நின்டென்டோ ஸ்விட்ச்சுக்கான டிரைவரை டேனியல் ஓகோர்சாக் பல திருத்தங்களோடு மீண்டும் மீண்டும் அனுப்பி, 2022 ஜனவரியில் வெளியான 5.16-இல் இடம்பெறச் செய்தார். இதற்கிடையே, 2021 ஏப்ரலில் வெளியான 5.12-இல், சோனி நிறுவனமே தன் பொறியாளர் ரோடரிக் கோலன்பிராண்டர் வழியாக டூயல்சென்ஸ் கேம்பேடுக்கு டிரைவர் எழுதித் தந்தது. ஆர்வலர்கள் திறந்து வைத்திருந்த வாசல் வழியே, அவர்களுக்கு உள்ள அதே விதிகளுக்கு உட்பட்டு, ஒரு பன்னாட்டு நிறுவனம் உள்ளே வந்தது. இந்த வரலாற்றில் நான் பெரிதும் போற்றும் நிகழ்ச்சி இது.

2023-இல் திஸ்வார் முயற்சியால் இன்னொரு வசதியும் வந்தது. கருவியின் விவரக் குறிப்பில் பிழை இருந்தால், முழுக் கெர்னலையும் மாற்றாமல், சிறு நிரல் ஒன்றை ஏற்றியே அதைத் திருத்தலாம்.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

கெர்னல் பணியில் சேரச் சந்தா இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. திருத்தத்தின் அடியில் நீங்கள் அறியப்படும் பெயரைப் போட்டு, இது என் பொறுப்பு என்று ஒப்ப வேண்டும். 2004 முதல் இந்தக் கையெழுத்து முறை நடப்பில் உள்ளது. அப்படிச் சேர்ந்த பெயர் கெர்னலின் வரலாற்றிலிருந்து அழியாது.

மதுரை மாணவருக்கு இதில் தனி இடம் உண்டு. விலை மலிந்த கேம்பேடுகளை அதிகம் பயன்படுத்துவது நம்மைப் போன்ற ஊர்கள்தாம். அவற்றின் கோளாறு வெளிநாட்டுப் பொறுப்பாளர் மேசைக்குத் தானாகப் போய்ச் சேராது. நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே இந்த விழா ஆண்டில் மன்றம் மூன்று வேலைகளைத் தொடங்க வேண்டுகிறேன். முதலாவது, நம் கடைகளில் கிடைக்கும் கேம்பேடுகளில் வகைக்கு ஒன்று வாங்கி ஆய்வகத்தில் ஒரு சோதனை மேசை போடுவது. இரண்டாவது, ஒவ்வொன்றின் அடையாள எண், விவரக் குறிப்பு, பொத்தான் வரும் முறை ஆகியவற்றைப் பதிவெடுத்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைப்பது. மூன்றாவது, புதிய கெர்னல் வரும் ஒவ்வொரு முறையும் மேசையிலுள்ள எல்லாவற்றையும் செருகிப் பார்த்து, கெட்டது ஏதாவது இருந்தால் உரிய பொறுப்பாளருக்கு முறையாக எழுதுவது.

மூத்த மாணவர்கள் படிப்பு முடிந்து போகும்போது, மேசையின் பொறுப்பை இளையவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். பொறுப்பு கைமாறினாலும் வேலை நிற்காமல் நடப்பதே ஒரு நிறுவனத்துக்கு அழகு. பாவ்லிக்கிடமிருந்து தொரோகோவுக்கு அப்படித்தான் வந்தது; கொசினாவின் பொறுப்பைத் திஸ்வார் பகிர்ந்துகொண்டதும் அப்படித்தான். அடுத்த விழா மலர் வரும்போது, பொறுப்பாளர் வரிசையோடு, கெர்னலில் இடம்பெற்ற நம் மாணவர்களின் பெயர்களும் திருத்தங்களும் அச்சேற வேண்டும். அதற்கான வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.