மதுரையின் இரவு: பயணிகள் கண்ட அல்லங்காடி

மதுரையைத் 'தூங்கா நகரம்' என்று சொல்வது வழக்கம். நள்ளிரவு தாண்டியும் இட்லிக் கடைகளில் ஆவி பறப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இந்தப் பெயருக்குச் சங்க இலக்கியத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். மதுரைக்காஞ்சியில் வரும் அல்லங்காடி, அதாவது இரவுக் கடைத்தெரு, அந்த ஆதாரம். அல்லங்காடி இருந்தது உண்மைதான். ஆனால் நகரம் தூங்கவே இல்லை என்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை. கடைகளை எப்போது அடைத்தார்கள், யார் எப்படிக் கண்ணயர்ந்தார்கள் என்பது வரை அதில் இருக்கிறது.

மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு. 782 அடிகள் கொண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடியது. உ. வே. சாமிநாதையர் 1889 இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகுதான் இது பலர் கைக்கும் வந்தது. 'காஞ்சி' என்ற பெயர் நிலையாமையைக் குறிப்பது. போரில் மூழ்கிய அரசனுக்கு உலகத்தின் நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், நடுவில் அவனுடைய தலைநகரை ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாகச் சுற்றிக் காட்டுகிறார். அரசனைப் புகழும் பாட்டு என்பதால் நகரத்தின் செல்வத்தைப் பற்றி அவர் சொல்வதில் மிகை இருக்கலாம். திருடனின் இடுப்பில் என்ன இருந்தது, அடை விற்றவன் எப்படித் தூங்கினான் என்பவற்றில் மிகைப்படுத்த என்ன இருக்கிறது? வரலாறு படிக்கும் மாணவர்கள் இத்தகைய சிறு செய்திகளைத்தான் கூடுதலாக நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

வெளியூர்ப் பயணி

இரவு நகரத்தைச் சுவைக்க வந்தவர்கள் யார்? வணிகர்கள், கப்பலில் வந்த அயல்நாட்டார், பாணரும் கூத்தருமாகிய கலைஞர்கள். எங்கள் தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் ஔவையார் முதலாகப் பாடுவோர் பலர் வந்து நின்ற ஊர் இது. அத்தகைய கலைஞர்களுக்காகவே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை உருவாயிற்று. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரில் வரும் மற்றொருவருக்கு வழியையும், வழியில் கிடைக்கும் சோற்றையும், போய்ச் சேரும் ஊரையும் சொல்வது அதன் அமைப்பு. இன்றைய பயணக் கையேட்டின் வேலையை அது செய்தது.

எங்கள் மாவட்டத்துக்குக் கிழக்கே அடுத்திருக்கும் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பற்றிய மலைபடுகடாம் இவ்வகையில் சிறந்தது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே பொழுது விடிந்த பிறகு செல்லுங்கள் என்று அது எச்சரிக்கிறது. மலைநாட்டில் இரவு என்பது குகையில் ஒடுங்கிக் கிடக்கும் நேரம். அப்படிப்பட்ட வழிகளைக் கடந்து வந்த ஒருவருக்கு, இருட்டிய பின்னும் விளக்கெரியும் ஒரு கடைத்தெரு எவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்கும்!

கடைத்தெருவும் சோறும்

மதுரைக்காஞ்சி காட்டும் நகரில் ஆறு கிடந்தாற்போல அகன்ற தெருக்கள் இருந்தன. ஓவியம் போன்ற இரண்டு பெரிய கடைவீதிகள் இருந்தன. பூ விற்றவர்கள், வெற்றிலை பாக்கு விற்றவர்கள், சங்கைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கி விற்றவர்கள் தெருவில் திரிந்தார்கள். யானையும் குதிரையும் தேரும் நெருக்கிக்கொண்டு வரும்போது இவர்கள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கி நிற்பார்கள். படை கடந்து போனபின் மாடங்களின் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். நடைபாதை வியாபாரியின் நிலை அன்றும் இதுதான்.

உணவுக்குக் குறைவில்லை. பலாச்சுளை, மாம்பழம், பலவகைக் காய்கள், கீரை, கற்கண்டுத் துண்டு, இறைச்சி கலந்து சமைத்த சோறு, மண்ணுக்குள் விளைந்த கிழங்கு என்று புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மாலையில் கோயில்களில் இசைக்கருவிகள் முழங்கின. பெண்கள் கணவரோடும் குழந்தைகளோடும் பூவும் புகையும் ஏந்திப் பௌத்தப் பள்ளிக்குச் சென்றார்கள். அதன் பிறகு அல்லங்காடி தொடங்கியது. பொழுது சாயும் நேரத்தில் கூட்டுக்குத் திரும்பும் பலவகைப் பறவைகளின் இரைச்சல் போல அதன் ஒலி இருந்ததாம். பல மொழி பேசுவோர் கூடிய சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

மூன்று யாமங்கள்

முதல் யாமத்தில்தான் கேளிக்கை முழுவதும். யாழ் ஒலித்தது, சேரிதோறும் பேச்சும் பாட்டும் ஆட்டமும் கலந்து கேட்டன, மன்றங்களில் குரவைக் கூத்து நடந்தது. மாயோனுக்குரிய ஓண நாளின் ஆரவாரமும், பிள்ளைப்பேறு கழிந்த பெண்கள் குளத்தில் நீராடுவதும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. பரத்தையரைப் பற்றியும் புலவர் மறைக்காமல் எழுதுகிறார். தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் வந்த இளஞ்செல்வர்களை அன்பு காட்டுவது போல நடித்துத் தழுவி, கைப்பொருள் தீரும் வரை வாங்கிக்கொள்வார்கள் என்கிறார். பணத்தோடு வந்த பயணி வெறுங்கையோடு திரும்பும் கதை புதிதல்ல. இதே பாண்டியனைப் பாடிய நெடுநல்வாடையில், மழைத் தூறலையும் பொருட்படுத்தாமல் கள் குடித்த முரட்டு ஆட்கள் தெருவில் விருப்பம்போலத் திரிகிறார்கள்.

இரண்டாம் யாமத்தில் எல்லாம் அடங்குகிறது. சங்கொலி நிற்கிறது, கடைகளின் தாங்குகோலைச் சாய்த்துக் கதவை அடைக்கிறார்கள், பெண்கள் உறங்கப் போகிறார்கள். தேனடை போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்கும் கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். விழாவில் ஆடிய கூத்தரும் படுத்துவிட்டார்கள். 'தூங்கா நகரம்' என்பதற்கு நேர் எதிரான காட்சி இது. பலகாரம் செய்தவர்களுடைய களைப்பை ஒரு புலவர் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது, இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மூன்றாம் யாமத்தில் விழித்திருந்தவர்கள் பேய்கள், திருடர்கள், காவலர்கள் ஆகிய மூவகையினர் மட்டுமே. திருடர்கள் இருளோடு கலக்கும் நீலக் கச்சை கட்டி, இடையில் வாள் செருகி, நூலேணியைச் சுற்றி வைத்துக்கொண்டு, நிலத்தை அகழும் உளியோடு வந்தார்கள். வகுப்பில் இந்தப் பட்டியலைச் சொன்னால் பின் வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களைத் தேடிய ஊர்க்காவலர்கள், களவின் வழிகளைச் சொல்லும் நூலறிவும் கூர்மையான ஆராய்ச்சியும் உடையவர்கள். தெருவில் நீர் ஓடும்படி மழை கொட்டும் நள்ளிரவிலும் அம்போடு காவல் சுற்றுவதை அவர்கள் விடவில்லை. அல்லங்காடியில் பயணி அச்சமின்றித் தின்று திரிய முடிந்ததற்கு இந்தக் காவலே காரணம்.

விளக்கொளியில் புகார்

காவிரிப்பூம்பட்டினத்தின் இரவைச் சிலப்பதிகாரம் விளக்குகளின் வரிசையாகவே காட்டுகிறது. சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டும் அப்பமும் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, வேற்று மொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, கலங்கரை விளக்கம், கடலில் மீன் பிடிப்போரின் படகு விளக்கு. மாவைப் பரப்பியது போன்ற மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்ற அளவுக்கு ஒளி இருந்ததாம். கடுகு கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். எண்ணெய் வாங்கி எரிக்கும் அளவுக்கு இரவு வணிகத்தில் வருமானம் இருந்தது என்பது தெரிகிறது.

உலகின் எல்லாப் பெருநகரங்களும் இப்படி இருக்கவில்லை. சீனாவில் தாங் அரசர்களின் தலைநகரான சாங்கானில் மாலை முரசு அடித்ததும் ஒவ்வொரு பகுதியின் மதிற்கதவும் சாத்தப்பட்டது. தெருவில் நடமாடினால் தண்டனை. பின்னர் சோங் அரசர்களின் கைஃபெங் நகரில்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து இரவுச் சந்தைகள் பெருகின.

பஞ்சாலையும் இரண்டாம் ஆட்டமும்

மதுரை இன்று விழித்திருப்பதற்குச் சங்ககாலம் காரணம் என்று சொல்வதைவிட, பஞ்சாலையைச் சொல்வது பொருத்தம். 1892 இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் தொடங்கியது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குச் சோறு வேண்டும், டீ வேண்டும். கீரையும் பூவும் விடியுமுன் சந்தைக்கு வந்து சேர வேண்டும். பொழுதுபோக்கும் இரவோடு சேர்ந்தே வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் நாடகக் குழு நடத்தினார். அவர் வழிவந்த ஸ்பெஷல் நாடகங்கள் இரவு 10 மணி அளவில் தொடங்கி விடியும் வரை நடப்பவை. 1952 இல் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. இரண்டாம் ஆட்டம் விட்டு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தபோது பரோட்டாக் கடை எப்படி மூடியிருக்கும்?

எங்கள் தருமபுரிப் பக்கத்து இரவுகள் வேறு விதமானவை. இங்கே விடிய விடிய நடப்பது பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திடலில் துரியோதனன் படுகளத்தோடு முடியும். கடலைக்காரரும் டீக்கடைக்காரரும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் இரவு வியாபாரிகள் ஆகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2019 இல், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. பணியாளருக்கு வார விடுமுறை, வேலை நேர வரம்பு, இரவில் வேலை செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவை அதில் நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட்டன.