சாகாஸ் இதயத்தசை நோய்

சாகாஸ் இதயத்தசை நோய் என்பது திரிப்பனசோமா குருசி என்னும் ஓரணு ஒட்டுண்ணியின் தொற்றால் இதயத்தசை நாட்பட்ட அழற்சிக்கு உள்ளாகி, தழும்பேறி, துடிப்பின் ஒழுங்கு குலையும் நோயாகும். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. தொற்று ஏற்பட்டோரில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்து, இதயம் பாதிக்கப்படுகிறது. சிலருக்கு உணவுக்குழாய் அல்லது பெருங்குடல் விரிவடையும். ஏனையோர் பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

வரலாறு

பிரேசிலின் மினாஸ் செராயிஸ் மாநிலத்தில் தொடருந்துப் பாதை அமைத்த தொழிலாளரிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்த மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் அனுப்பப்பட்டார். அங்கு குடிசைச் சுவர்களின் வெடிப்புகளில் வாழ்ந்து, இரவில் மனிதரின் முகத்தில் கடித்துக் குருதி உறிஞ்சும் பூச்சி இனம் ஒன்றை ஆராய்ந்து, அதன் குடலில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். தம் ஆசான் ஒசுவால்டோ குரூசின் பெயரை அதற்குச் சூட்டினார். 1909 ஏப்ரல் 14 அன்று லசான்சு என்ற ஊரில் ஒரு சிறுமியின் குருதியில் அதே ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். பொதுவாக நோய் முதலிலும் நோய்க்காரணி பின்னரும் அறியப்படும். இங்கு வரிசை தலைகீழாக அமைந்தது. 2020 முதல் ஏப்ரல் 14 உலக சாகாஸ் நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்ப் புத்தாண்டும் பெரும்பாலும் அந்நாளிலேயே வருகிறது.

இப்பூச்சியின் கடியால் நேரடியாகத் தொற்று ஏற்படுவதில்லை. கடித்த இடத்தருகே அது இடும் எச்சத்தைத் தூக்கத்தில் சொறிந்து தேய்த்துக்கொள்வதால் ஒட்டுண்ணி உடலுக்குள் செல்கிறது. குருதியேற்றம், கருவுற்ற தாய், மாசடைந்த கரும்புச்சாறு முதலியன வழியாகவும் பரவும்.

தழும்பும் துடிப்புச் சீர்குலைவும்

நோய் முற்றிய இதயத்தில் ஒட்டுண்ணிகள் மிகச் சிலவே காணப்படும். சேதமோ மிகப் பெரிது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் இதயத்தையே தாக்குவதுதான் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஒட்டுண்ணி முற்றிலும் அழியாமல் திசுக்களில் தங்கியிருந்து அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கிறது என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது.

இறந்த தசை இழைகளின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. நார்த்திசு மின்துடிப்பைக் கடத்தாது. ஆனால் தழும்பு ஒரே சீரான சுவர் அன்று. இடையிடையே எஞ்சிய தசை இழைகள் துடிப்பை மிக மெதுவாகக் கடத்துகின்றன. அவ்வழியே தாமதமாக வெளிவரும் துடிப்பு, அதற்குள் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்ட தசையை மீண்டும் தூண்டி, முடிவின்றிச் சுற்றத் தொடங்கும். மின்சுற்றில் தவறுதலாக ஏற்பட்ட ஒரு வளையத்தை இதற்கு ஒப்பிடலாம். இதுவே கீழறை மிகைத்துடிப்புக்கு முதன்மைக் காரணம். திடீர் மரணமும் நேரலாம். இத்தழும்பு இடக் கீழறையின் நுனியிலும் கீழ்ப்பக்கச் சுவரிலும் மிகுதி. நுனி மெலிந்து பை போல் புடைத்து, அங்கு உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைவிப்பதும் உண்டு.

கடத்து இழைகளும் சிதைவதால் மறுபுறம் துடிப்பு மந்தமாகவும் கூடும். வலக் கிளை அடைப்பும் இடக் கிளையின் முன்கற்றை அடைப்பும் சேர்ந்து ஈ.சி.ஜி.யில் தோன்றுவது இந்நோயின் தனி அடையாளம் எனலாம்.

மருத்துவம்

பென்சுனிடசோல், நிஃபுர்டிமாக்ஸ் ஆகிய மருந்துகள் தொற்றின் தொடக்கத்தில் நன்கு பயனளிக்கின்றன. இதயம் கெட்ட பின் நிலைமை வேறு. 2,854 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், பென்சுனிடசோல் குருதியில் ஒட்டுண்ணியைக் குறைத்தபோதும் இதயநோய் முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. எனவே அமியோடரோன், பேஸ்மேக்கர், உடலில் பொருத்தும் அதிர்வுக் கருவி, இறுதியாக இதய மாற்று என மருத்துவம் விளைவுகளையே எதிர்கொள்கிறது.

இந்தியாவில்

திரிப்பனசோமா குருசி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. இந்தியாவில் இயற்கையாக இல்லை. ஆயினும் அதைப் பரப்பும் பூச்சிகளின் உறவினங்கள் இங்குள்ளன. லின்சுகோஸ்டியசு என்ற பேரினம் இந்தியாவில் மட்டுமே அறியப்பட்டது. அதன் ஒரு புதிய இனம் தமிழ்நாட்டிலிருந்து 2002இல் விவரிக்கப்பட்டது. எலிகளை அண்டி வாழும் திரயாட்டோமா ருப்ரோஃபாசியாட்டா என்ற இனமும் இந்தியாவில் உண்டு.

மகாராட்டிர உழவர் ஒருவரின் குருதியில் 2004இல் காணப்பட்ட திரிப்பனசோமா எவான்சி என்பது கால்நடைகளுக்கு சுர்ரா நோய் தரும் வேறோர் இனம். இதனைச் சாகாஸ் நோயுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அவர் சுராமின் மருந்தால் குணமடைந்தார்.