ஒரே துப்பாக்கி, வேறு வேறு சட்டம்

துப்பாக்கி ஒன்றுதான், சட்டமோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமமே தேவையில்லை. இந்தியாவில், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி வைத்திருந்தால் சிறை. மலாயாவிலோ, 1948இல் அவசரகாலம் வந்ததும், அதே குற்றத்துக்குத் தூக்கு!

தோட்டத் துரைமார் உரிமத்துடன் துப்பாக்கி ஏந்தினர். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியோ ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாகச் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீக்கப்பட்டது. சட்டத்தைத் திருத்தலாம், நேயர்களே. போன உயிரை மீட்க முடியுமா?