உயர் நினைவகம்

உயர் நினைவகம் அல்லது ஹைமெம் என்பது, 32 பிட் கணினியில் லினக்ஸ் கேர்னல் நிலையான முகவரி கொண்டு நேரடியாக எட்ட முடியாத நினைவகப் பகுதி. 32 பிட் முகவரிவெளி 4 ஜிபி மட்டுமே. வழமையாக 3 ஜிபி பயனர் நிரல்களுக்கும் 1 ஜிபி கேர்னலுக்கும் ஒதுக்கப்படும். இதனால் இன்டெல் எக்ஸ்86 கணினிகளில் ஏறத்தாழ 896 எம்பியும், ஆர்ம் கருவிகளில் ஏறத்தாழ 768 எம்பியும் மட்டுமே நேரடியாக எட்டும். எஞ்சியதிலிருந்து ஒரு நினைவகப் பக்கத்தைத் தொட வேண்டுமானால், கேர்னல் அதைத் தற்காலிக முகவரியில் பொருத்தி, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும்.

இவ்வசதி 1990களின் இறுதியில், பெருநினைவகச் சேர்வர்களுக்காகச் சேர்க்கப்பட்டது. அவை 64 பிட்டுக்கு மாறியபின் இதன் தேவை பெரும்பாலும் பழைய ஆர்ம் உட்பொதி கருவிகளுடன் சுருங்கியது. நினைவக மேலாண்மை நிரலின் சிக்கல் மட்டும் குறையவில்லை. கேர்னல் உருவாக்குநர் ஆர்ண்ட் பெர்க்மன் 2025இல் இவ்வாதரவைப் படிப்படியாகக் குறைக்கும் வழிகளை முன்வைத்தார். அவற்றுள் முதன்மையானது முகவரிவெளியை 2 ஜிபி, 2 ஜிபியாகப் பிரிப்பது. 1 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை 2 போன்ற பலகைகள் அவ்வாறு முழு நினைவகத்தையும் பயன்படுத்தலாம். ஆயினும் ஒரு நிரலுக்கான முகவரி எல்லை 2 ஜிபியாகக் குறையும். 32 பிட்டில் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகமுள்ள பலகைகளுக்கே உண்மையான இழப்பு.

கல்முனைக் கடைகளிலும் வீடுகளிலும் உள்ள ரவுட்டர், கமராப் பதிவுப்பெட்டி போன்றவற்றில் 512 எம்பியோ அதற்குக் குறைவோ நினைவகம் கொண்டவை உயர் நினைவகத்தைப் பயன்படுத்துவதில்லை. அவற்றுக்கு இம்மாற்றத்தால் பாதிப்பில்லை.