சிறைச் செலவும் ஊர்ப் பாதுகாப்பும்: ஆவுடையார்கோவில் வட்டத்தை முன்வைத்து

திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோவிலின் தலவரலாற்றில் ஒரு நிதிக் குற்றச்சாட்டு உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய கருவூலப் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பணியில் செலவிட்டார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்கின்றன புராணங்கள். பக்தி மரபு இதைத் திருவருளாகக் கொள்ளும். பொது நிதியை ஆராய்பவருக்கோ வேறொரு கேள்வி எழும்: ஒரு கணக்குத் தலைப்பில் ஒதுக்கிய பணத்தை, கூடுதல் பயன் தரும் இன்னொன்றுக்கு முறைப்படி மாற்ற அரசில் வழி இருக்கிறதா? இக்கட்டுரை அக்கேள்வியைச் சிறைச் செலவிடம் கேட்கிறது. 2023இல் தண்டனைச் சட்டம் மாறியது. பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது நகராதவரை, சிறைக்கு மாற்றான தண்டனை ஏட்டோடு நின்றுவிடும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சிறைவாசத்தைக் குறைத்து, மிஞ்சும் பணத்தைக் கைதிகள் புறப்பட்டு வந்த ஊர்களிலேயே செலவிட வேண்டும் என்ற கருத்தை 2003இல் அமெரிக்காவில் சூசன் டக்கர், எரிக் கடோரா இருவரும் எழுதினர். கலிஃபோர்னியா 2014இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே அதைச் சட்டமாக்கியது. சிறு திருட்டு, போதைப்பொருள் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கான தண்டனை குறைந்தது. ஆண்டுதோறும் மிச்சத்தைக் கணக்கிடும் பொறுப்பு நிதித்துறைக்குத் தரப்பட்டது. அதில் 65 விழுக்காடு மனநல, போதை மீட்புச் சிகிச்சைக்கும், 25 விழுக்காடு பள்ளிகளுக்கும், 10 விழுக்காடு பாதிக்கப்பட்டோருக்கும் என்று பங்கீடும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2024இல், அதே வாக்காளர்கள் சில தண்டனைகளை மீண்டும் கடுமையாக்கினர். பங்கீட்டுச் சூத்திரம் சட்டத்தில் இருந்தாலும், பாதுகாப்பு கூடியிருக்கிறது என்ற நம்பிக்கை தெருவில் பிறக்காவிட்டால் சீர்திருத்தம் நிலைக்காது என்பது அதன் பாடம்.

இம்மாதிரியை அப்படியே இங்கே நட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இடமோ 4,36,266 பேருக்குத்தான். இருந்தோரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு அப்போது தண்டனையே விதிக்கப்பட்டிருக்கவில்லை. தண்டனையை மட்டும் குறைத்தால் எஞ்சிய நான்கில் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். தமிழ்நாட்டில் இன்னொரு வாசலும் உண்டு: ‘குண்டர் சட்டம்’ எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். அதன்கீழ் விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கலாம். விசாரணைக் காவல், தடுப்புக் காவல் ஆகிய இந்த இரு வாசல்களையும் விட்டுவிட்டுச் சிறைச் சீர்திருத்தம் பேசுவதில் பொருளில்லை.

அடுத்தது செலவின் இயல்பு. சுவர், காவலர் ஊதியம், ஓய்வூதியம் ஆகியவை கைதி ஒருவர் குறைந்தால் குறைவதில்லை. உணவும் மருந்தும்தான் குறையும். ஒரு தொகுதியையே மூடினாலோ புதுச் சிறை கட்டுவதைத் தவிர்த்தாலோதான் கையில் பணம் மிஞ்சும். ஆகவே ‘முதலில் மிச்சம், பிறகு முதலீடு’ என்ற வரிசை இங்கே செல்லாது. முதலீடு முந்த வேண்டும்.

அது எங்கே முந்த வேண்டும்? சிறைக்கு மாற்றான மேற்பார்வையில். சென்னை மாகாணம் 1936லேயே அதற்கென நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவரை, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை ஒரு தண்டனையாகவே சேர்த்தது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவைதான் தண்டனை. ஆவுடையார்கோவில் வட்டத்து இளைஞர் ஒருவருக்கு அத்தண்டனை கிடைத்தால் வேலையை ஒதுக்குபவர் யார், வருகையைப் பதிபவர் யார், வராதபோது தேடிப்போகிறவர் யார்? நன்னடத்தை அலுவலர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். ஊரோ, வழியிலுள்ள அறந்தாங்கிக்கும் அப்பால். மேற்பார்வைக்கு ஆளில்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் பழகிய வழிக்கே, அபராதத்துக்கோ சிறைக்கோ, திரும்புவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த வேலை என்பதும் சிறிய கேள்வியல்ல. கண்மாயை நம்பிய இந்த வட்டாரத்தில் வரத்துக்கால் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் உடனே மனத்துக்கு வரும். ஆனால் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் நீர்நிலைப் பணிக்கு ஊராரைக் கட்டாயப்படுத்தியது நினைவிருக்க வேண்டும். அத்தகைய வேலை எந்தத் தெருவின் தலையில் விழும் என்பது ஊரறிந்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3இல், சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிறைக்குள் ஒழிந்தது சமூக சேவை என்ற பெயரில் ஊருக்குள் நுழையக்கூடாது. துப்புரவுப் பணியைத் தண்டனையாக விதிப்பதில்லை என்று விதிகளிலேயே எழுதுவது முதல் காப்பு.

இவற்றுக்கான பணத்தை நகர்த்துவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. சிறையும் நன்னடத்தைப் பிரிவும் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்ற ஒரே துறையின்கீழ் வருகின்றன. ஆகவே துறைகளுக்கிடையேயான இழுபறி இல்லாமல், ஒரே மானியக் கோரிக்கைக்குள் பங்கீட்டை மாற்றலாம். முதல் ஐந்தாண்டுக்குச் சிறை விரிவாக்கத்துக்கான தொகையில் ஒரு பகுதியை வட்டத்துக்கு ஒரு நன்னடத்தை அலுவலர், போதை மீட்பு ஆலோசனை, களவு கொடுத்தவருக்கு உடனடி இழப்பீடு ஆகியவற்றுக்குத் திருப்ப வேண்டும். பிணை கட்ட இயலாத ஏழைக் கைதிக்கு நிதியுதவி தரும் 2023ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுத் திட்டம் விசாரணைக் கைதிகளைக் குறைக்கக் கைவசம் உள்ள கருவி. தடுப்புக் காவல் ஆணை ஒவ்வொன்றுக்கும் ஆகும் சிறைச் செலவைச் சட்டமன்றத்தில் வைப்பது, அந்த வாசலையும் கணக்குக்குள் கொண்டுவரும்.

‘திருடனுக்குச் செலவழிப்பதா?’ என்ற எதிர்ப்பு வரும். ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு, திருடியவர் மூன்று மாதம் திருச்சி மத்திய சிறையில் இருப்பதால் ஆடு திரும்பி வராது. வெளியே வந்தவர் மறுபடி களவு செய்யாதிருக்கவும் அது உறுதி தராது. பொருளைத் திருப்பித் தருவதைப் புதிய சட்டம் நிபந்தனையாக்கியிருக்கிறது. அந்த நிபந்தனையை நிறைவேற்றிக் காட்டும் அலுவலரை ஊரில் அமர்த்துவதுதான் களவு கொடுத்தவருக்கும் காவல். அடுத்த மானியக் கோரிக்கையில் நன்னடத்தைப் பிரிவுக்கெனத் தனி இலக்கும் தனித் தொகையும் இருக்கின்றனவா என்பதை வைத்தே 2023ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்தைத் தமிழ்நாடு ஏற்றதா இல்லையா என்று மதிப்பிட வேண்டும்.