எம் 10/4: முந்திரிக்கொல்லையின் அழிந்த பெயர்கள்

நெய்வேலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் வந்த கருப்புப் பொருள், 1956இல் நிறுவனம், 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், 1961இல் கண்ணில் பட்ட பழுப்பு நிலக்கரி. இந்தச் சொல்லாடலுக்குள் நிலத்தின் மேற்பரப்பு என்பது வெறும் மேல்மண். அகற்றப்பட வேண்டிய ஒன்று. அந்த மேல்மண்ணில் என்ன நின்றது? பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை செம்மண் மேடுகளில் நின்றது, இன்றும் மிச்சமிருக்கிற இடங்களில் நிற்பது, முந்திரி.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த அயல்மரம்தான். ஆனால் நம்ம சனங்க அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டை ஊன்றியே வளர்த்தார்கள். அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம் என்பதால் கன்று தாயைப்போல இருக்காது. ஒரே கொல்லையில் ஒன்று கொத்துக்கொத்தாய்க் காய்க்கும், பக்கத்து மரம் இலையும் தழையுமாய்ச் சும்மா நிற்கும். ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்தும். வேளாண் அறிவியல் இதைச் சீரின்மை என்று குறையாகவே வாசித்தது. ஆனால் அந்த அறிவியலின் மூலப்பொருளே இந்தச் சீரின்மைதான்.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1981இல் வி.ஆர்.ஐ.1 ரகத்தை வெளியிட்டது; பதிவேட்டில் அது எம் 10/4. 1985இல் வி.ஆர்.ஐ.2, அதாவது எம் 44/3. 1991இல் வி.ஆர்.ஐ.3, எம் 26/2. மூன்றும் கலப்பினங்கள் அல்ல, தேர்வுகள். முதலாவது தென்னார்க்காட்டு வழிசோதனைப்பாளையத்து மரம். இரண்டாவது செங்கல்பட்டுப் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலிருந்து வந்தது. மரத்துக்குப் பத்துக் கிலோ தருவதாகச் சொல்லப்படும் மூன்றாவது, இடையஞ்சாவடியில் நன்றாகக் காய்த்த ஒரு மரத்தின் வாரிசு. நல்ல மரத்துக் கொட்டையை விதைக்கென்று ஒதுக்கிவைத்த கைகள் முதல் தேர்வைச் செய்தன. நிலையம் செய்தது இரண்டாம் தேர்வு. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயர் சூட்டும் அதிகாரம் இரண்டாவது ஆளிடம் போய்விட்டது. தமிழ் படித்தவனுக்குப் பெயர்மேல் கண் போவது தொழில் வியாதி.

கொக்கோவில் நடந்தது வேறு. டிரினிடாட் தோட்டங்களைச் சூனியக்காரித் துடைப்ப நோய் அழித்தபோது, 1937-38இல் பவுண்ட் என்பவர் எதிர்ப்புள்ள மரம் தேடி மேல் அமேசானுக்குப் போனார். கொண்டுவந்தவற்றுக்கு நானாய், இக்கிடோஸ் என்று ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டன. அதுவும் காலனியக் கொள்முதல்தான். இருந்தாலும் மரம் எங்கிருந்து வந்தது என்று பெயரே சொல்கிறது. அவர் கொண்டுவந்த ஸ்கவினா 6இன் எதிர்ப்பும் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை, நோய்க்கிருமியும் மாறியது. ஆகவே மறுபடி காட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

நமக்கு அந்தக் காடு எது? முந்திரியின் பெரிய எதிரி தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருகவைக்கும் நாவாய்ப்பூச்சி. இதை முற்றாக எதிர்க்கும் ரகம் இன்றுவரை இல்லை. கர்நாடகத்துப் புத்தூரிலிருந்து வந்த பாஸ்கரா, தாக்குதல் மிதமாக இருந்தால் தப்பிக்கிறது. எதிர்க்கவில்லை, தப்பிக்கிறது. அதுவும் கோவாவில் கண்டெடுத்த மரம்தான்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்தது. கொட்டையில் முளைத்த பழைய மரங்கள் விழுந்த இடங்களில் ஒட்டுக்கன்றுகள் வந்தன. விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டு மூணாம் வருஷமே காய்க்குது. கடன் இருக்கிறவன் எதுக்குக் கொட்டை ஊன்றிக் காத்துக்கிடக்கணும்? ஆனால் ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் நகல்கள். ஒன்றைப் பிடிக்கும் பூச்சி அத்தனையையும் பிடிக்கும். இன்னொரு பக்கம் சுரங்கம் விரிகிறது. அங்கே ஒட்டும் இல்லை, கொட்டையும் இல்லை.

2016இல் நிறுவனம் தன் பெயரை என்.எல்.சி. இந்தியா என்று மாற்றிக்கொண்டது. நெய்வேலி ஓர் எழுத்தாகச் சுருங்கியது. வழிசோதனைப்பாளையம் எம் 10/4 ஆனதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. நிறுவனம் மாற்றிக்கொண்டது தன் பெயரை. கொசுவுக்குத் தப்பும் அடுத்த மரம் யாருடைய கொல்லையிலோ, கரிப் படிவத்துக்கு நேர் மேலே, இப்போது பிந்திப் பூத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு இன்னும் எண்கூடக் கிடையாது.