பெயர், முகவரி, மணி: அணுகல் பட்டியல் கடந்துவந்த பாதை

அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் இன்று வலைப்பின்னல் நிர்வாகியின் அன்றாடக் கருவி. எனினும் அது வலைப்பின்னலுக்காகப் பிறந்ததன்று. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், 1965இல், டேலி, நியூமன் இருவரும் மல்டிக்ஸ் கோப்பு முறைமையை விவரித்து எழுதிய கட்டுரையில் அது இடம்பெறுகிறது. ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதை அக்கோப்புடன் இணைந்த பட்டியலே கூறும். அதில் இருந்தவர்கள் பயனர்கள், பெயருள்ள மனிதர்கள். வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது மறுக்கப்பட்டதே என்ற கொள்கையை 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் வகுத்துரைத்தனர்.

பட்டியல் ரவுட்டருக்குக் குடிபெயர்ந்தபோது மனிதர் மறைந்தார். 1988 நவம்பரில் மோரிஸ் புழு இணையத்தை நிலைகுலையச் செய்தபின் வாயிலில் காவல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் ரவுட்டரின் கண்ணுக்குத் தெரிபவை முகவரிகளும் போர்ட் எண்களுமே. சிஸ்கோ கருவிகளில் 1 முதல் 99 வரையிலான பட்டியல்கள் அனுப்பும் முகவரியை மட்டுமே சோதித்தன. 100 முதல் 199 வரையிலானவை சேரும் இடத்தையும் போர்ட்டையும் சேர்த்துச் சோதித்தன. அனுமதி, மறுப்பு என இரண்டே வினைகள் கொண்ட மொழி அது. வரிசைதான் அதன் இலக்கணம்: முதலில் பொருந்தும் வரியே செல்லும். (இரு விதிகள் முரண்பட்டால் பின்னதே வெல்லும் என்பது பாணினிக்கு மரபுவழி உரைகாரர்கள் தரும் விளக்கம், ரவுட்டர் நேர்மாறானது.) பட்டியலின் இறுதியில் எழுதப்படாத ஒரு வரி எப்போதும் உண்டு: எஞ்சிய அனைத்துக்கும் மறுப்பு. இத்தகைய விதிகளைப் பிழையின்றி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை 1992இல் பிரென்ட் சாப்மன் விரிவாகக் காட்டினார்.

1990களின் இறுதியில் சிஸ்கோவின் மென்பொருள் காலவரம்பையும் சேர்த்துக்கொண்டது. ஒரு வரி குறிப்பிட்ட நாள் முதல் குறிப்பிட்ட நாள் வரை செல்லலாம்; அல்லது வாரந்தோறும் அதே கிழமையில், அதே மணியில் உயிர்பெறலாம். இதனால் அனுமதி கடிகாரத்தைச் சார்ந்ததாயிற்று. மின்கலக் கடிகாரமற்ற பல சிஸ்கோ ரவுட்டர்கள், மின்சாரம் போய்த் திரும்பினால் 1993 மார்ச் 1 என்றே விழித்தெழும். 1985இலேயே டேவிட் மில்ஸ் ஆவணப்படுத்திய என்.டி.பி. நெறிமுறை நேரத்தைத் திருத்தித் தரும்வரை அந்தப் பொய்த் தேதியே கருவிக்கு மெய்.

மணிக்கணக்கில் அனுமதி வழங்குவது பொறியியல் முடிவு மட்டுமன்று. 2007 மார்ச்சில் மும்பை ஐ.ஐ.டி., மாணவர் விடுதிகளில் இரவு 11 மணி முதல் மறுநாள் பிற்பகல் 12.30 வரை இணையத்தை நிறுத்தியது. விளையாட்டும் அளவுமீறிய உலாவலும் படிப்பைக் கெடுக்கின்றன என்பது காரணம். முகவரியும் மணியும் மட்டுமே அறிந்த விதிக்கு, விளையாடுபவரும் ஆய்வேடு எழுதுபவரும் ஒன்றே. அக்காலத்துப் பழைய வகை எண் பட்டியல்களில் ஒரே ஒருவருக்கு விலக்கு அளிப்பதும் எளிதன்று. புதிய வரி கடைசியில்தான் போய்ச் சேரும். அதற்குள் மேலே உள்ள மறுப்பு வேலையை முடித்திருக்கும். அந்த ஒருவருக்காக முழுப் பட்டியலையும் அழித்து மீண்டும் எழுத வேண்டும்.